கழுத்துப் பிடித்த கொக்கு

நெட்டையப்பன் என்ற கொக்குக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. கெண்டை மீன்கள் அதன் மூக்கடியில் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகிற அளவுக்குப் பிடிப்பு. பசியோ வயிற்றைக் கிள்ளியது. மரங்கொத்தி வந்து பிடரியில் நாலு தட்டுத் தட்டிப் பார்த்தது. வலி கூடியதுதான் மிச்சம்.

தண்ணீருக்குள்ளிருந்து ஆமை தலையை நீட்டியது. “அண்ணே, நீங்க ஊன்றியிருக்கிற வலது கால்ல கருவேல முள் ஏறியிருக்கு. அதான் காலைக் கோணி, இடுப்பைக் கோணி, கழுத்தையும் கோணிக்கிட்டு நிக்கிறீங்க. தூக்குங்க, பிடுங்கிடறேன்.”

“தூக்கினா இடது காலை ஊன்றணுமே. எங்க வம்சத்தில கால் மாத்தி நின்னவன் எவனும் கிடையாது, தம்பி.”

“அப்போ மத்தியானத்துக்கு வம்சத்தையே சாப்பிடுங்க” என்று ஆமை திரும்பியது.

கொக்கு வெட்கத்தோடு கண்ணை மூடிக்கொண்டு காலை மாற்றியது. அந்தக் கூத்தைப் பார்க்கக் குளத்து மீனெல்லாம் கூடிவிட்டது. ஆமை முள்ளைப் பிடுங்கியதும் கால் நேரானது, இடுப்பு நேரானது, கழுத்து விருட்டென்று நீண்டது. முன்வரிசையில் நின்று சிரித்த கெண்டைதான் அன்றைக்கு முதல் கவளம்.

இப்போது அந்தக் குளத்துக் கொக்குகள் காலை மாற்றி மாற்றித்தான் நிற்கின்றன. கேட்டால், ஆதியிலிருந்தே அது எங்கள் வம்ச வழக்கம் என்கின்றன.