நேரில் கண்டேன்

கஜானா வற்றிப்போன பொருளாதார மந்த காலத்தில், ஓய்வூதியம் வாங்குபவர் நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் பணம், அவர் இறந்துவிட்டால் மனைவிக்குக்கூடக் கிடையாது என்று ஆணை எழுதினார் நிதித்துறை அதிகாரி. முதல் அடி விழுந்தது சொந்த அக்காள் வயிற்றில்தான். அத்தானை அடக்கம் செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

நேரில் வருவதற்கான கெடு முடியும் நாளன்று மாலை நான்கு மணிக்கு, அதிகாரியின் மேசை முன்னால் அத்தான் வந்து நின்றார். பழைய கோட்டில் மேல் பொத்தான் மட்டும் புதுசு. அடக்கத்தன்று அக்காள் அழுதுகொண்டே தைத்தது.

"என்ன மாப்ளே, இளைச்சுட்டே? வேளாவேளைக்குச் சாப்பிடறியா இல்லையா?"

"நீங்க எப்படி அத்தான்..."

"நேர்ல வரணும்னு நீதானே போட்டிருக்கே? உங்கக்கா பட்டினி கிடந்தா எனக்குத் தூக்கம் வருமா?"

அதிகாரி ஒருநாளும் பொய்ச் சான்று தந்தவரல்ல. தான் கையெழுத்திட வேண்டிய சான்றுப் படிவத்தை இரண்டு முறை படித்தார். உயிரோடு இருக்கிறாரா என்று அதில் எங்கும் கேட்கவில்லை. 'நேரில் கண்டேன்' என்றுதான் இருந்தது. கண் கலங்கக் கையெழுத்திட்டார்.

"கதவைச் சாத்திடலாமா சார்?" என்றார் காவலாளி.

அதிகாரி எட்டிப் பார்த்தார். வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. எல்லோர் கோட்டிலும் ஒரு பொத்தான் புதுசு.

"இருங்க" என்று சொல்லிவிட்டுப் பேனாவில் மை நிரப்பினார்.