ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு போன்

“மாமா, துரோகி வெளியில இல்ல. நம்ம கம்பெனிக்குள்ளயே இருக்கு. உடனே கெளம்பி வாங்க!”

கடலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஆர்ப்பாட்டத்தை முடித்துவிட்டு, கட்டிய தொண்டையோடு காரில் ஏறிக்கொண்டிருந்த வைத்திலிங்கத்துக்குப் போனில் வந்த சேதி இது. சொன்னவன் இளவரசு, அவர் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிறான். முந்திரிப் பருப்பு எடுக்க, காடாம்புலியூரில் இருக்கும் மாமாவின் கம்பெனிக்கு வந்த இடத்தில் கண்ணில் பட்டதாம்.

வைத்திலிங்கம் முந்திரி கம்பெனி முதலாளி. முந்திரி சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அன்றைக்கு மைக்கில் வெளுத்து வாங்கியிருந்தார்.

“கிழக்க இருக்கிற நாடுங்க எல்லாம் ஒண்ணாச் சேந்துக்கிட்டு, ஒப்பந்தம்ங்கிற பேர்ல கம்மி வரியில பருப்பைக் கொண்டாந்து இங்க கொட்டுது. சரி, ஆப்பிரிக்காவுலேர்ந்து கொட்டை வாங்கி உடைச்சாவது பொழைச்சுக்கலாம்னு பாத்தா, அவனும் இனிமே கொட்டையை அனுப்ப மாட்டானாம். அவன் ஊர்லயே உடைச்சுக்கப் போறானாம். அவனுக்கு உடைக்கச் சொல்லிக் குடுத்தது எவன்? நம்ம தொழிலை வித்தது எவன்?”

கைதட்டல் பிரமாதம்.

அவர் கவலையும் நியாயமானதுதான். கொட்டை வராவிட்டால் கம்பெனிக்குப் பூட்டுதான். தோல் உரிக்கும் பெண்களில் பாதிப் பேரை ஏற்கெனவே நிறுத்தியாகிவிட்டது.

கம்பெனி வாசலிலேயே காத்திருந்த இளவரசு, காதோரமாகக் கிசுகிசுத்தான்.

“நம்ம இசைவாணிதான் மாமா. சாப்பாட்டு நேரத்துல ஆபீஸ் செல்போனை எடுத்துக்கிட்டு மிஷின் ரூமுக்குப் போயிடுது. வீடியோ கால். எதுத்தாப்புல யாருன்னு நெனைக்கிறீங்க? ஆப்பிரிக்காக்கார பொம்பளை! இப்பவும் பேசிக்கிட்டுதான் இருக்கு.”

வைத்திலிங்கத்துக்கு நம்பிக்கை வரவில்லை. இசைவாணி மேஸ்திரி. ஆர்டர் வாங்குவதிலிருந்து மிஷின் ஓட்டுவது வரைக்கும் அவள் பொறுப்பு.

“அவகிட்ட இதுக்கு என்ன மச்சான் பேச்சு? எந்த பாஷையில பேசுது?”

“அதான் எனக்கும் புரியல. இது தமிழ்ல சொல்லுது, அது என்னமோ சொல்லுது. ரெண்டும் தலையைத் தலையை ஆட்டிக்குது. நானும் மறைஞ்சு நின்னு பாத்தேன், ஒண்ணும் வெளங்கல.”

வைத்திலிங்கத்துக்குக் கோபம் ஒரு பக்கம், என்னதான் நடக்கிறது என்று பார்க்கும் ஆவல் ஒரு பக்கம். இருவரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மிஷின் ரூம் ஜன்னலோரம் போய் நின்றார்கள்.

உள்ளே இசைவாணி போனை ஒரு டின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். வேகவைத்த கொட்டை ஒன்றைக் கையில் எடுத்து, கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தாள். ‘நோ, நோ’ என்று விரலை ஆட்டினாள். வாயால் ஊதிக் காட்டினாள். பிறகு நின்றிருந்த மிஷினிடம் போய், கத்தி இருக்கும் இடத்தை ஒரு குச்சியால் தொட்டாள். போனிலிருந்து ‘ஓ... ஓ...’ என்று ஒரு பெண் குரல் வந்தது.

“பாடமே நடத்துது மாமா!” என்றான் இளவரசு.

வைத்திலிங்கம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

“உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றியா?”

இசைவாணி பதறி எழுந்தாள்.

“மொதலாளி, அப்படியெல்லாம் இல்லீங்க...”

“என்ன இல்ல? நான் அங்க வெயில்ல நின்னு தொண்டை கிழியக் கத்துறேன். நீ இங்க அவுங்களுக்குத் தொழில் சொல்லிக் குடுக்குற. அவுங்க உடைச்சுப் பழகிட்டா நமக்குக் கொட்டை வருமா? உன்கூட வேலை பாக்குறவங்கள்லாம் எங்க போவாங்க? நீதான் எங்க போவ?”

“தெரியும் மொதலாளி. எனக்கும் புள்ளைங்க இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு கை மிஷின்ல சிக்கிடுச்சுங்க. வெரல் நசுங்கிப் போச்சு. அந்த மிஷினை எப்படி ஓட்டறதுன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல. இன்னும் நெறைய பொண்ணுங்க அதுல வேலை பாக்குதுங்க. கையை எங்க வைக்கணும், எங்க வைக்கக் கூடாதுன்னு காட்டுனேன்.”

“அவ வெரல் போனா எனக்கென்ன? காசை வாங்கிக்கிட்டு, ஓட்டச் சொல்லிக் குடுக்காம மிஷினைத் தள்ளி விட்டான்ல ஒருத்தன், அந்த அயோக்கியன்கிட்ட போயி கேக்கச் சொல்லு. நீ நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேணாம்!”

இசைவாணிக்குக் கண் நிறைந்துவிட்டது. போனை எடுத்து அவர் பக்கம் திருப்பினாள்.

யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ, அந்தப் பக்கத்துப் பெண் கட்டுப்போட்ட கையை இன்னொரு கையோடு சேர்த்துக் கும்பிட்டாள். அவள் பின்னால் கொட்டை உடைக்கும் மிஷின் தெரிந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் மேல் காய்ந்து ஒட்டியிருந்தன. கீழே சிவப்புப் பெயிண்டில் தமிழ் எழுத்து.

இளவரசுக்கு ஆவல் தாங்கவில்லை. தலையை நீட்டி உரக்கவே படித்தான்.

“வைத்தி கேஷ்யூஸ், காடாம்புலியூர்... அடியில நம்ம ஆபீஸ் நம்பர்! மாமா, இந்த மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்னுதானே சொன்னீங்க?”

வைத்திலிங்கம் கையை நீட்டிப் போன் திரையை மறைத்தார்.

“வித்தவர்கிட்டதாங்க மொதலாளி அவுங்க கேட்டாங்க,” என்றாள் இசைவாணி. “போனை எடுத்தது மட்டும் நான்.”