விரிசலுக்கு வெளிச்சம்

கூடத்து ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கின்றன. சுத்தியல் சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று பெரியவர் தம் கையாலேயே கொக்கி மாட்டியிருக்கிறார். அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதால், வாசற்படியிலிருந்து நடுச்சுவர்வரை தரை வெடித்திருக்கிறது. இத்தனை நாளும் அதை மறைத்துக் கிடந்த கட்டில் இன்று சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. கொத்தனார் முழந்தாளிட்டு, விரிசலின் இரு ஓரங்களையும் உளியால் வெட்டி அகலமாக்குகிறார். ஒவ்வோர் அடிக்கும் பெரியவரின் தாடை இறுகுகிறது.

“அடைக்கச் சொன்னா பெருசாக்குறியேப்பா?”

“வாயைத் திறக்காம பல்லை எப்படிங்கய்யா பிடுங்குறது? மேலாப்புல பூசினா மறுபடியும் விட்டுடும்.”

சிமெண்டுத் தூசி மஞ்சள் விளக்கைச் சுற்றிப் புகையாய் நிற்கிறது. பெரியவரின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு இருமுகிறாள். கொத்தனார் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். “உளி எங்க இறங்குதுன்னே தெரியலைங்க. ஜன்னலைத் திறக்கலாமா?”

“எதிர்வீட்டுக்காரர் வாசல்ல நிக்கிறார்” என்கிறார் பெரியவர்.

“நிக்கட்டுமே. அவர் வீட்டுச் சுவர் வெடிச்சப்ப, ‘கையாலாகாதவன் கட்டின வீடு’ன்னு நீங்க சிரிச்சது தெருவுக்கே கேட்டுச்சு” என்று சொல்லும்போதே மனைவிக்கு மறுபடியும் இருமல் வருகிறது. இம்முறை அது நிற்கவில்லை.

பெரியவர் போய்க் கொக்கியை எடுக்கிறார். வெயில் விழுந்து, விரிசல் முழு நீளத்துக்கும் தெரிகிறது.

“என்ன சார், வீட்ல வேலையா?” என்கிறார் எதிர்வீட்டுக்காரர்.

பெரியவர் நிமிர்ந்தே நிற்கிறார். “ஆமா. அஸ்திவாரம் இறங்கிடுச்சு” என்கிறார், நான்கு வீட்டுக்குக் கேட்கும் குரலில்.

எதிர்வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வருகிறார்.