மண்டபச் சாவி

“இது பிள்ளைங்க படிக்கிற இடம், கேப்டன். இன்னைக்கே காலி பண்ணுங்க.”

பள்ளிக்கூட வாசலிலேயே நின்று நகராட்சித் தலைவர் சத்தம் போட்டார்.

“சரிங்க சார். உங்க நகராட்சி மண்டபத்தைத் திறந்து விடுங்க. இங்க இருக்கறவங்களை அங்க மாத்திடறேன்.”

“அது நடக்காது. உங்க ராணுவம் வந்து உட்கார்ந்துடக் கூடாதுன்னுதான், சண்டை ஆரம்பிச்ச அன்னைக்கே பூட்டினேன். யார் வந்து கேட்டாலும் விடாதேன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லியிருக்கேன். சாவி இதோ, என் இடுப்புல.”

கேப்டன் வகுப்பறைக் கதவைத் தள்ளினார்.

பெஞ்சுகளுக்கு நடுவே, ராணுவக் கம்பளிகளில் பெண்களும் குழந்தைகளும் காயம்பட்டவர்களுமாகப் படுத்திருந்தார்கள். எல்லாம் தலைவருக்குத் தெரிந்த முகங்கள்.

“நேத்து குண்டு விழுந்த தெரு ஜனங்க சார். முதல்ல மண்டபத்துக்குத்தான் போயிருக்காங்க. வாட்ச்மேன் விடலை.”

“அப்போ உங்க ஆளுங்க?”

“மைதானத்துல, லாரிக்கு அடியில படுத்துக்கறாங்க.”

தலைவருக்கு வழக்கமாகச் சட்டை தைக்கும் தையல்காரர், தலையில் கட்டோடு எழுந்து வந்தார். தன் கம்பளியை உதறி விரித்தார்.

“உங்க வீடும் போயிடுச்சா தலைவரே? வாங்க, இப்படிப் படுங்க.”

தலைவர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுச் சாவியை மறைத்தார்.