வெள்ளிக்கிழமைப் பாட்டு

டிக்.

சாவியை விட்டாள். மறுபடி திருப்பினாள். டிக், டிக். மூன்றாம் முறை அதுவும் இல்லை.

காரில் பக்கத்து சீட்டில் கணவர். வெள்ளைச் சட்டை, மேலே சீட் பெல்ட். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இன்றுதான் கட்டிலை விட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். பக்கவாதம் இடது கையையும் காலையும் வாயில் பாதியையும் இழுத்துவிட்டது.

தினமும் வெளியே கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தால் நடை வரும் என்றார் டாக்டர். இவர் ஆட்டோவில் வர மாட்டேன் என்றார். நம் காரில்தான் வருவேன், நீதான் ஓட்ட வேண்டும்.

முப்பத்தோரு வருடம் அரசு பஸ் ஓட்டியவர். அந்த வீம்பு இருக்கத்தானே செய்யும்.

அவளும் விடவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, காலேஜ் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, லைசென்ஸ் வாங்கினாள். இன்று நல்ல நேரமும் பார்த்தாயிற்று. நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் இருக்கிறது.

இப்போது இறக்கினால் கட்டிலுக்குப் போய்விடுவார். அப்புறம் எழ மாட்டார்.

பாழாய்ப்போன வண்டி.

எதிர்வீட்டு சேவியர் வந்து பானெட்டைத் திறந்தான்.

"எத்தனை நாளாக்கா ஸ்டார்ட் பண்ணல?"

நாலு மாதம். அதற்காக வண்டியை அவள் சும்மா விட்டுவிடவில்லை. வெள்ளிதோறும் துடைத்து, பொட்டு வைத்து, சாவியைப் பாதி திருப்பி, முருகன் பாட்டு ஒன்றை முழுதாக ஓடவிட்டு, சூடம் காட்டுவாள். விளக்கு எரியும். பாட்டு கேட்கும். வண்டி நன்றாக இருக்கிறது என்றே நினைத்தாள். முழுதாகத் திருப்பப் பயம். லைசென்ஸ் வந்த பிறகோ, முதல் ஸ்டார்ட்டுக்கு அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை.

"இன்ஜின ஓட்டாம பாட்டு மட்டும் போட்டா பேட்டரி என்னத்துக்காகும்?"

அவள் கணவரைப் பார்த்தாள்.

அவர் கட்டில், கார் நிற்கும் போர்டிகோ பக்கத்து ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது. தெருமுனையில் திரும்பும் பஸ் எந்த கியரில் போகிறது என்று படுத்தபடியே சொல்லுவார். நாலு மாதமாகப் பாட்டுதான் கேட்டது, இன்ஜின் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

கிளம்பாது என்று தெரிந்துதான் இன்று மறுக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோணிய வாயைத் தோளில் மறைத்தார். வலது கை பெல்ட்டை இறுகப் பிடித்திருந்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் அழுகையாகிவிட்டது.

சேவியர் தன் காரைக் கொண்டுவந்து எதிரில் நிறுத்தினான். சிவப்பும் கறுப்புமாக ஒயர்களை இரண்டு பேட்டரிக்கும் மாட்டினான்.

"இப்ப திருப்புங்கக்கா."

திருப்பினால் கிளம்பிவிடும்.

திருப்பினாள். இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

சேவியர் ஒயரைக் கழற்றி, தன் காரை எடுத்துக்கொண்டு போனான். எதிரே கேட் திறந்திருந்தது. அதற்கப்பால் தெரு.

"எங்கயும் போக வேணாங்க," என்றாள். "சும்மா உக்காந்திருப்போம். பேட்டரி ஏறட்டும்."

வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து அவர் கை பெல்ட்டை விட்டது. மெதுவாக நகர்ந்து வந்து கியர் மேல் உட்கார்ந்தது.

"க்ளட்ச்ச மிதி," என்றார் குழறலாக.