இருப்பது ஒரே பந்து

காலையிலிருந்து சாஃப்ட்பால் பயிற்சியில் ஒரே பாட்டைப் பாடிப் பாடி ஜெசிந்தா டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "பந்து உள்ளங்கையில ஒட்டக் கூடாதுடி. விரல்லதான் நிக்கணும். நடுவுல என் சுண்டுவிரல் போகணும்." எங்கே போக? பொற்கொடியின் பிடியில் நூல்கூட நுழையாது. கையைச் சுழற்றி எறியச் சொன்னால், பந்து நேரத்துக்கு விரலை விட்டுக் கிளம்பாமல் காலடியிலேயே தொப்பென்று விழுந்தது.

"உன் பந்தை எவளாவது பிடுங்கிட்டா போறா? ஏன்டி இந்த இறுக்கு இறுக்குற?"

பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். "மதிலுக்கு அந்தப் பக்கம் போயிட்டா, டீச்சர்? போன மாசம் ஒரு பந்து போனதுக்கே நீங்க மூணு நாள் எங்ககூடப் பேசல."

மற்ற பிள்ளைகள் மதிலைப் பார்த்தார்கள்.

"கொண்டா இங்க!" ஜெசிந்தா பந்தை வாங்கிக்கொண்டாள். "போனா போகுதுன்னு விடணும். இந்தா, இப்படி!" கையை முழு வட்டமாகச் சுழற்றினாள். எதிரே ஒருத்தி கையுறையை விரித்தபடி குந்தியிருந்தாள். இன்னொரு வட்டம். மூன்றாவதும் முடிந்தது. பந்து கையிலேயே இருந்தது.

பொற்கொடி மெல்ல அருகில் வந்து, டீச்சரின் உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே தன் சுண்டுவிரலை நுழைக்கப் பார்த்தாள்.