டொக்டர் சொன்ன கலியாணம்

வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப்போன வருடம் எல்சிக்கு அடிவயிற்றில் வலி தொடங்கியது. ஆசுபத்திரி டொக்டர் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“பாலையூற்றில இன்னொரு பொம்பிளையோட குடித்தனம் நடத்திறது நீதானே? ஊர் முழுக்க இதுதான் கதை. முதல்ல ஒரு கலியாணத்தைக் கட்டு, வயித்து வருத்தம் தானா மாறும்.”

அவளோடு குடியிருந்த திரேசம்மா வாசலில் நின்றாள்; அவளுக்கும் அது கேட்டது. இருவரும் மருந்தில்லாமல் வீடு திரும்பினார்கள். வலி மட்டும் நாளுக்கு நாள் கூடியது.

அடுத்த மாதம் எல்சி கழுத்தில் தாலியோடு போனாள். டொக்டருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. கதிரையில் இருத்தினார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், கட்டி என்று கண்டு உடனே சத்திரசிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். எல்சி பிழைத்துக்கொண்டாள்.

தையல் பிரித்த அன்று டொக்டர் சிரித்தார். “என்ர சொல்லைக் கேட்டபடியால்தான் தப்பினீங்கள். மனுசன் வரேல்லையோ?”

“எனக்கு மனுசன் இல்லை, டொக்டர்.”

“அப்ப இந்தத் தாலி?”

எல்சி வெளியே பார்த்து உரக்கக் கூப்பிட்டாள். வரிசையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்க்க, திரேசம்மா நிமிர்ந்த தலையோடு உள்ளே வந்தாள்.

“கட்டினது இவதான். தாலி இல்லாமல் வந்த அண்டைக்கும் அந்தக் கட்டி என்ர வயித்திலதான் இருந்தது, டொக்டர். நீங்கள்தான் பாக்கேல்லை.”